ஐந்தாம் படி: ‘பேசிவ்’ கட்டத்தில் குறி இடலாகாது

இக்கட்டுரையில் உறுதிசெய்யப்பட்ட செய்திகளை மட்டுமே தருவேன். அதற்குக் காரணம் உண்டு. ஓசூரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை நான் அடைந்த அவமானம், எங்கள் குடும்பத்தில் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வருகிறது. என் மைத்துனர் சொல்லும் வடிவத்தில் ஒரு டெம்போ கவிழ்ந்துவிடுகிறது. (கவிழவில்லை. நின்றது. அவ்வளவுதான்.) என் மாமியார் சொல்லும் வடிவத்தில் கர்நாடகக் காவல்துறை வருகிறது. எந்த மாநிலத்துக் காவல்துறையும் வரவில்லை. ஆகவே எழுத உட்காருமுன் மூன்று சான்றுகளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். அன்று கணினி தானே பதிந்துகொண்ட பரிமாற்றக் குறிப்பின் அச்சுப்படி ஒன்று. தொழிற்சாலையின் வாயிற்பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்று. தணிக்கையாளர் எழுதிய குறைபாட்டு அறிக்கை ஒன்று. இவற்றில் இல்லாதவற்றை உரியவர்களிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தேன். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தேன். எந்தக் கல்லூரியும் என்னை அழைக்காமையால், ஆறு மாதக் கணினிப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டு, சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றின் ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். பிரிவு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டா. நான், ஒரு கணினி, ஒரு லேமினேஷன் இயந்திரம். இம்மூன்றும் சேர்ந்தது பிரிவு. என் தகுதிகாண் பருவம் அந்த வாரத்தோடு முடிவதாக இருந்தது. பணி நிரந்தரம் என்னும் கடிதத்தை என்னைவிட ஆவலாக எதிர்பார்த்தவர்கள் சிங்காரப்பேட்டையில் இருந்தார்கள். பெண் பார்த்தாகிவிட்டது, இருவருக்கும் பிடித்தும் ஆகிவிட்டது. பெண்ணின் தந்தை மட்டும், “வேல பர்மனென்ட் ஆவட்டும் தம்பி. லெட்டரப் பாத்துட்டு நாள் குறிச்சிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். ஆக என் இல்லறம் முழுவதும் ஒரு தாளில் அடங்கியிருந்தது. அத்தாளில் கையெழுத்திட வேண்டியவர் தர மேலாளர் முனிரத்தினம்.

முனிரத்தினம் வீட்டில் தெலுங்கும், தொழிற்சாலையில் தமிழும், கோபத்தில் கன்னடமும் பேசுபவர். என்னைப் ‘புலவரே’ என்றே அழைப்பார். அது பாராட்டன்று. எங்களைப் போன்ற தொழிற்சாலைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செயல்முறைத் தாள் உண்டு. தாளில் உள்ளதைத்தான் செய்ய வேண்டும். செய்வதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். தணிக்கையாளர் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். தாளில் ஓர் எழுத்தை மாற்றவும் ஒரு படிவமும் மூவர் கையெழுத்தும் தேவை. முன்பிருந்தவர்கள் அவற்றை உடைந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தனர். நான் அனைத்தையும் ஒற்றுப்பிழை இல்லாத தமிழில் திருத்தி எழுதினேன். துளையிடும் இயந்திரத்துக்கு நான் எழுதிய தாளைக் கண்டு, அதை இயக்குபவர் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கியதாகக் கேள்வி. (இது உறுதிசெய்யப்படவில்லை. அடித்துவிட்டதாகக் கொள்க.)

என் சொந்த வேலைக்கும் ஒரு தாள் எழுதினேன். வாடிக்கையாளரின் கணினிக்குக் கோப்பு அனுப்பும் முறை, ஒன்பது படிகள். ஐந்தாம் படி இது: “‘பேசிவ்’ என்னும் கட்டத்தில் குறி இடலாகாது.” ஏன் இடலாகாது? எனக்குத் தெரியாது. நான் வேலையில் சேர்ந்த நாளில் அக்கட்டம் குறியில்லாமல் இருந்தது, இருந்ததை எழுதினேன். எழுதியதை லேமினேஷன் செய்து கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். எனக்கு மட்டுமே உரிய அறையில், எனக்கு மட்டுமே உரிய கணினிக்கு, நானே எனக்கு இட்ட கட்டளை அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தணிக்கை நாள். அன்றே புதிய உதிரிபாகம் ஒன்றின் முதல் மாதிரிகள், அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள வாடிக்கையாளர் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்தது. அவர்களுடைய விதி கடுமையானது. மாதிரிகளின் அளவீட்டு அறிக்கை முதலில் அவர்கள் கணினிக்குள் வந்துசேர வேண்டும். அதன் பிறகே வண்டி வாயிலுக்குள் நுழையும். இல்லையேல் வண்டி திரும்ப வேண்டியதுதான். முனிரத்தினம் காலையிலேயே என் அறைக்கு வந்தார்.

“புலவரே, ஃபைல் போவணும், வண்டி உள்ள போவணும், ஆடிட்டர் சிரிச்சிட்டே போவணும். மூணும் நடந்தா சாயங்காலம் உங்க லெட்டர்ல கையெழுத்து. எழுதி வெச்சதுல இருந்து மட்டும் இம்மி நகராதீங்க.”

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதரைக்கு ஓட்டுநர் திம்மராஜு டெம்போவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு நான் என் தாளைப் பார்த்து, முதற்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். அப்பக்கத்துக் கணினி என் பெயரை ஏற்றது. கடவுச்சொல்லை ஏற்றது. நல்வரவு என்றது. அதன்பின் ஒன்றும் நிகழவில்லை. திரையில் ஒரு வரி அசையாமல் நின்றது. சற்றுப் பொறுத்து, இணைப்புக் கிட்டவில்லை என்றது. வாசலில் பன்னீர் தெளித்து, கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, வீட்டார் அத்தனைபேரும் பின்வாசல் வழியாகப் போய்விட்டால் விருந்தாளி எப்படி விழிப்பான்? அப்படி விழித்தேன். மீண்டும் முயன்றேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். இணைய வடத்தைப் பிடுங்கி ஊதிச் செருகினேன். கணினியை இருமுறை அணைத்து எழுப்பினேன். திரையைத் துடைத்தேன். (திரையில் என்ன குற்றம்? ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.) பரிமாற்றக் குறிப்பின்படி, பத்தேகாலுக்குள் பதினொரு முறை முயன்றிருக்கிறேன். பதினொரு முறையும் நல்வரவு.

எனக்குத் தெரியாமல் நிகழ்ந்திருந்தது ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஃபயர்வால் என்னும் காவற்பெட்டி ஒன்றை எங்கள் இணைய இணைப்பில் பூட்டியிருந்தார்கள். டிபன் பெட்டி அளவே இருக்கும்.

வாடிக்கையாளரின் கணினிப் பிரிவில் மஞ்சுளா என்பவர் இருந்தார். அவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. தாய்மொழி கன்னடம், தமிழை ஓசூரிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் கற்றவர். அவரை அழைத்தேன்.

“சார், நீங்க உள்ள வந்திருக்கீங்க, நான் நோட்தா இதீனி, பாத்துட்டேதான் இருக்கேன். ஃபைல்தான் வரலே.”

“உள்ள வந்தாச்சுன்னா ஃபைல் மட்டும் ஏன் மேடம் வரமாட்டேங்குது?”

“ரெண்டு லைன் சார். ஒண்ணு பேசறதுக்கு, ஒண்ணு சாமான் தூக்கறதுக்கு. பேசற லைன் நீங்க போட்டீங்க, ஓகே. சாமான் லைன் யாரு போடறது? உங்க கம்ப்யூட்டர், ‘நான் இந்த நம்பர் கதவுல நிக்கிறேன், நீயே வந்து வாங்கிக்கோ’ன்னு சொல்லுது. எங்க சர்வர் பாவம், நம்பி வருது. உங்க ஃபயர்வால், ‘யாரப்பா நீ’ன்னு ஓட்டிவிடுது. இதுக்குப் பேரு ஆக்டிவ்.”

“சரிங்க.”

“பேசிவ்னா உல்ட்டா. எங்க சர்வர் கதவு நம்பர் சொல்லும், நீங்களே தூக்கிட்டு வரணும். உங்க ஃபயர்வால் வெளிய போறவங்கள ஒண்ணும் கேக்காது. எங்க பக்கம் கதவு திறந்துதான் இருக்கு. ஒந்தே ஒந்து டிக் சார். பேசிவ்னு இருக்கும். டிக் மாடி.”

நான் தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தேன். ஐந்தாம் படி, தடித்த எழுத்தில், லேமினேஷன் பளபளக்க என்னைப் பார்த்தது. அடுத்த கூடத்தில் தணிக்கையாளரின் காலடி ஓசை.

“அது முடியாது மேடம்.”

“யாக்கே?”

“போடக்கூடாதுன்னு எழுதியிருக்கு.”

“யாரு எழுதினது?”

“ஆவணப் பிரிவு” என்றேன்.



ஒரு கட்டத்தில் குறியிட்டிருந்தால் அன்று காலை பத்தரைக்கு என் திருமணம் நிச்சயமாகியிருக்கும். நானோ, தாளை மாற்றுவதைவிட உலகத்தை மாற்றுவது எளிது என்று முடிவு செய்தேன். காவற்பெட்டியைப் பூட்டிய நிறுவனத்தை அழைத்து, வெளியிலிருந்து வருபவருக்காக ஒரு கதவைத் திறந்துவிடும்படி கேட்டேன். எந்த எண் என்றார்கள். திரையில் ஆறு எண்கள் தெரிந்தன; ஐந்தாவதை இருநூற்றைம்பத்தாறால் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் கதவு எண் கிடைக்கும் என்று மஞ்சுளா சொல்லியிருந்தார். 195, 80. பெருக்கிக் கூட்டினேன். ஐம்பதாயிரம். திறந்தார்கள். மறுபடி முயன்றேன். இம்முறை கடைசி எண் 83. கணினி ஒவ்வொரு முறையும் வேறொரு கதவில் போய் நிற்கும் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. ஐம்பதாயிரத்து மூன்று என்றேன். திறந்தார்கள். அதற்குள் அது ஐம்பதாயிரத்து ஏழுக்குப் போய்விட்டது. பெருக்குகிறேன், கூட்டுகிறேன், கத்துகிறேன். கணினி முன்னே ஓடுகிறது. நான்காம் முறை அந்தப் பெட்டிக்காரர் சொன்னார்:

“சார், ஒரு எடத்துல நில்லுங்க சார். உங்களுக்குக் கதவு தெறந்து தெறந்து எனக்குக் கை வலிக்குது.”

“எல்லாக் கதவையும் திறந்துவிடுங்க.”

“அப்பறம் பொட்டி எதுக்கு சார்?” என்று வைத்துவிட்டார்.

திம்மராஜு அழைத்தார். “சார், கேட்டாண்ட நிக்கிறேன். ஃபைல் பரலில்லான்னு உள்ள விடமாட்டேங்கிறாங்க. ஏன் மாடோது, என்ன பண்றது?” பின்னணியில் வேறு வண்டிகளின் ஒலிப்பான்கள்.

எனக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. யோசனை என்றே அன்று நம்பினேன். மஞ்சுளாவை அழைத்து, அறிக்கையைப் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன், உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள், நான் எங்கள் வாயிலில் காத்திருக்கிறேன் என்றேன். அவர் நல்லவர். தம் பண்டகசாலை எழுத்தர் ஒருவரைப் பைக்கில் அனுப்பிவைத்தார். நான் வாயிலில் போய் நின்றேன். ஐந்து நிமிடம் நின்றேன். ஓரிடத்தில் நிற்கும் மனநிலையிலா இருந்தேன்? இன்னும் ஒரே ஒரு முறை முயன்றுபார்ப்போம் என்று உள்ளே ஓடினேன். இன்னொரு நல்வரவைப் பெற்றுக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

வாயிற்காவலர் மாதப்பன் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். அஞ்செட்டிப் பக்கத்துக்காரர், பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர்.

“மாதப்பா, அத்திப்பள்ளியில இருந்து ஒருத்தர் வருவாரு. வந்தாரா?”

“வந்தாரு சார். அனுப்பிட்டேன்.”

“எங்க?”

“அத்திப்பள்ளிக்கே.”

“நான் வரச்சொன்ன ஆளுய்யா அவரு!”

“நீங்க வரச்சொன்னது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா? ஆடிட்டு நாளுல சீட்டில்லாம வெளியாளு யாரும் உள்ள வரக்கூடாதுன்னு ஒட்டியிருக்குதே.” சுவரைக் காட்டினார். ‘அனுமதிச்சீட்டு இன்றி அயலார் எவரும் நுழைதல் கூடாது.’ மேலாளர் சொல்ல, நான் எழுதியது. “எழுத்து உங்களுதுதான் சார். நல்லாத்தான் இருக்குது.”

வாயிற்பதிவேட்டில் அது இவ்வாறு உள்ளது: “11.35. பார்ட்டி வந்தார். சீட்டு இல்லை. திருப்பப்பட்டார்.”

மஞ்சுளாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் என் கைப்பேசி அதிர்ந்தது. “சார், மத்தே, மறுபடியும் ஆக்டிவ் மாடிதீரா! நீங்க நின்னுக்கிட்டு எங்க ஆளை வரச்சொன்னீங்க. உங்க கேட் துரத்திவிட்டுது. காலைல இருந்து நான் இதைத்தானே சொல்றேன்! நீங்க வாங்க சார், நீங்களே வாங்க. மூணாம் நம்பர் கேட்.”

ஆக்டிவ், பேசிவ் என்பவற்றின் வேறுபாடு எனக்கு விளங்கியது அந்த நொடியில்தான். கோப்பு ஒன்றே, கொடுப்பவனும் பெறுபவரும் அவர்களே. யார் கிளம்பி யார் வாசலுக்குப் போகிறார் என்பது மட்டுமே வேறு. காவல் எதுவாயினும், உள்ளே வருபவரை மறிக்கும். வெளியே போகிறவனைப் பார்த்து வணக்கம் வைக்கும். நான் ஸ்கூட்டரை எடுத்தபோது மாதப்பன் என்னை ஒரு கேள்வியும் கேளாமல் தடுப்புக் கம்பத்தைத் தூக்கியதை இங்கே சான்றாகக் காட்டுகிறேன்.

விளங்கியதும் திரும்பி உள்ளே போய்க் கட்டத்தில் குறியிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்கிறாள். வண்டியைக் கிளப்பிவிட்டேன் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

ஜூஜூவாடியில் லாரிகளுக்கிடையே நெளிந்து, எல்லையைத் தாண்டி, சுங்கச்சாவடி நெரிசலில் தலைக்கவசத்துக்குள் புழுங்கி, பன்னிரண்டு நாற்பதுக்கு மூன்றாம் எண் வாயிலை அடைந்தேன். திம்மராஜு டெம்போவின் நிழலில் குந்தியிருந்தார். “ஃபைல் எல்லி சார்?” என்றார். நான் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தேன். பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. (அந்நிலையிலும் அது என் கண்ணில் பட்டது.)

மஞ்சுளாவே வெளியே வந்துவிட்டார். “இது உள்ள பிடல்ல சார், விடமாட்டாங்க. வைரஸ் பயம். உங்க கம்ப்யூட்டர்ல இருந்துதான் வரணும். ஒரு மணிக்கு நான் லிஸ்ட் க்ளோஸ் பண்ணணும். யாரையாவது அந்த டிக் போடச் சொல்லுங்க சார், ப்ளீஸ்.”

ஒரு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. முனிரத்தினத்தின் கைப்பேசி அணைந்திருந்தது. அலுவலகத்தார் அனைவரும் தணிக்கைக் கூட்டத்தில் இருந்தனர். அடித்தவுடன் எடுக்கப்பட்ட தொலைபேசி ஒன்றே ஒன்று; அது வாயிலில் இருந்தது.

“மாதப்பா, என் ரூமுக்குப் போ. அங்க இருக்கிற போனுக்குக் கூப்பிடறேன்.”

“கேட்ட யாரு சார் பாக்கறது?”

“பூட்டிட்டுப் போய்யா!”

போனார். என் வாழ்வு முழுவதையும் ஒரு காதில் வைத்துக்கொண்டு, வெயிலில் அங்குமிங்கும் நடந்தேன். என்னோடு மஞ்சுளாவும் நடந்தார். அவரோடு திம்மராஜுவும் நடந்தார்.

“ஸ்கிரீன்ல பேசிவ்னு இங்கிலீஷ்ல இருக்கா? அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கட்டம். அதுல டிக் போடு.”



“சார், மேல சுவத்துல போடக்கூடாதுன்னு எழுதியிருக்குதே.”

“தெரியும். நான்தான் எழுதினேன். போடு.”

“எழுதனது நீங்க. போடச் சொல்றது நீங்க. மாட்றது நானா?”

“ஐயா மாதப்பா! கல்யாணம்யா!”

“யாருக்கு?”

“எனக்கு!”

“அப்ப சரி.”

அடுத்து எந்தக் கோப்பு, எந்தப் பொத்தான் என்று சொன்னேன். பரிமாற்றக் குறிப்பின்படி, பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு கிளம்பியது. ஏழு நொடியில் சேர்ந்தது. மஞ்சுளாவின் கைப்பேசி ஒலித்தது. “வந்துச்சு சார், வந்துச்சு!” என்று தம் மொழியிலும் என் மொழியிலும் மாறி மாறிக் கத்தினார். வாயில் திறந்தது. திம்மராஜு வண்டிக்கு ஓடினார். டெம்போ உள்ளே போயிற்று. நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், ஆனந்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மறுமுனையில் ஒரு புதிய குரல் கேட்டது. நிதானமான குரல்.

“நீங்க யாரு? இந்த ரூம்ல என்ன பண்றீங்க?”

“வாட்ச்மேன் சார்” என்றார் மாதப்பன். “புலவருக்குக் கல்யாணம்.”

தணிக்கையாளரின் அறிக்கை என் முன் இருக்கிறது. அதன் தமிழாக்கம்: “பூட்டப்பட்ட வாயிலை விட்டு வந்த காவலர் ஒருவர், ஆவண அறையில், திறந்து வைக்கப்பட்டிருந்த கணினியில், சுவரில் வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ள செயலைச் செய்து முடித்திருந்தார்.” குற்றங்காண முடியாத வாக்கியம். ஒரு சொல்லை நீக்க முடியாது. ஒரு சொல்லைச் சேர்க்க முடியாது.

மாலையில் முனிரத்தினம் என்னை அழைத்தார். திட்டவில்லை. கன்னடம் எதிர்பார்த்துப் போன எனக்கு அது அச்சமூட்டியது.

“ஃபைல் போச்சு. வண்டியும் போச்சு. ஆடிட்டரும் சிரிச்சிட்டேதான் போனாரு. ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டாரே புலவரே! இன்னும் மூணு மாசம் ப்ரொபேஷன்ல இருங்க. மொதல் வேலையா அந்த அஞ்சாவது பாயிண்ட்ட மாத்துங்க.”

மாற்றினேன். படிவம் நிரப்பி, மூவரிடம் கையெழுத்து வாங்கி, ‘குறி இடுக’ என்று எழுதினேன். சிங்காரப்பேட்டைக்குப் போய், கடிதம் வர மூன்று மாதம் ஆகும் என்று சொன்னேன். ஏன் என்றார் வருங்கால மாமனார். விளக்கினேன். அவருக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் சிரித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது. மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது, நாள் குறித்தார்கள், திருமணம் நடந்தது.

இன்று என் வீட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து எதையும் கேட்டுப் பெற எனக்கு உரிமை இல்லை. “தண்ணி கொண்டா பாப்பா” என்றால், எட்டு வயது மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “பேசிவ்ல வாங்கப்பா” என்கிறாள். நான்தான் எழுந்து அடுக்களைக்குப் போக வேண்டும். உறவினர் எவரேனும் தொலைபேசியில், நீங்கள் வருகிறீர்களா, நாங்கள் வரட்டுமா என்று கேட்டால், என் மனைவி கைப்பேசியை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “சீட்டு எழுதிக் குடுத்துட்டீங்களா?” என்கிறாள். ஒரு குறிக்காக மூன்று மாதம் காத்திருந்தவள். கேட்கட்டும்.

இக்கட்டுரைக்காக மாதப்பனையும் அழைத்தேன். இப்போது நாட்றாம்பாளையத்தில் மாடு வைத்திருக்கிறார். நான் கெஞ்சிய பிறகுதானே குறியிட்டாய் என்று கேட்டேன். “இல்ல சார். நீங்க யாருகிட்டயோ அந்த டிக்கு டிக்குனு சண்டை போட்டது காலையிலயே கேட்டில கேட்டுது. ரூமுக்குப் போனதும் மொதல்ல அதத்தான் போட்டேன். உள்ள வர்றவனத்தான நிறுத்துவோம், நாமளா வெளிய போனா எவன் நிறுத்தப்போறான்? அப்பறந்தான் உங்களப் பேச வுட்டேன். சும்மா, என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு.”

பரிமாற்றக் குறிப்பில், கோப்பு கிளம்பிய நேரம் உள்ளது. கட்டத்தில் குறி விழுந்த நேரம் இல்லை. கணினி அதைப் பதிவதில்லை. ஆகவே மாதப்பன் சொல்வது உண்மையா, அன்று வெயிலில் நான் கல்யாணம் என்று கத்தியதற்குப் பயன் ஏதும் இருந்ததா என்பது தெரியவில்லை.